பதினேழாம் நம்பர் மரம்

என் வீட்டுக்காரர் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. கேட்டைத் திறந்ததும், "ரீடிங் வந்திருக்கு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்கள். மீட்டரில் தெரிகிற எண்ணை அவர் ஒரு தடவை கண்ணால் படிப்பார், இன்னொரு தடவை வாய்விட்டுப் படிப்பார், அதற்கப்புறம்தான் கையிலிருக்கும் கருவியில் பதிவார். ஒரே தடவை பார்த்த எண்ணை அவர் நம்பியதே கிடையாது. வீட்டிலும் அதே கதைதான். காஸை மூடியாயிற்றா என்று ஒரு முறை பார்ப்பார், "மூடியாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி பார்ப்பார். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு அதற்காகவே திரும்பி வந்த நாட்களும் உண்டு. கவலைப்படுவதற்கென்று ஒரு பதவி இருந்திருந்தால் மனிதர் எப்போதோ அதில் பெரிய அதிகாரி ஆகியிருப்பார்.

நான் அவருக்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். காலை ஏழு மணிக்கு மைதானத்தில் இறங்கினால் கழுத்தில் விசிலோடு வெயிலில் நிற்பேன். தொப்பி கூடப் போட மாட்டேன். யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாத ரகம். அவர் என்னை இன்றுவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார். கேலியா மரியாதையா என்று நான் கேட்டதில்லை.

நாற்பத்தொன்றாம் வயதில் என் இரண்டு கன்னமும் சிவந்தன. வேர்க்குரு என்று நினைத்தேன். பிறகு விரல் மூட்டுகள் வீங்கின, விசிலைப் பிடிக்க முடியவில்லை. நாலு டாக்டரைப் பார்த்து ஐந்தாவதாகத் தோல் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க உடம்போட காவல்காரனே உங்க உடம்பை அடிக்கிறான். அவனை எழுப்பிவிடுறது வெயில். வெயில் படாம இருந்தீங்கன்னா அவன் தூங்குவான். மறுபடி மறுபடி எழுப்பினீங்கன்னா அடுத்து கிட்னிக்குப் போவான்."

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?" என்றேன்.

"இனிமே எப்பவும்."

வெயிலே என் வேலையாக இருந்தது. ஒரு வருஷம் பள்ளி நூலகத்தில் உட்கார வைத்தார்கள். மைதானத்துப் பக்க ஜன்னலுக்கு எனக்காகக் கறுப்புத்தாள் ஒட்டினார்கள். அந்தப் பக்கம் வேறொருவர் விசில் ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் சரியாக ஊதத் தெரியாத ஆள். வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீடோ புது வீடு. வீடுகள் அப்போதுதான் ஒன்றிரண்டாக முளைத்துக்கொண்டிருந்த ஒரு மனைப்பிரிவு. சுற்றி ஒரு மரம் கிடையாது. சமையலறைக் கதவைத் திறந்தால் பின்பக்கம் முப்பதடிக்கு இருபதடி வெறும் மண், ஒரு மூலையில் கழிவுநீர்த் தொட்டி, தலைக்கு மேலே மின்கம்பி, மீதி முழுக்க வெயில். அவர் எல்லா ஜன்னலுக்கும் தடித்த திரை போட்டார். பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு காய் நறுக்கினேன். எனக்கு நோயைவிட அந்த இருட்டுதான் பயமாக இருந்தது.

ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "எனக்கு ஒண்ணும் வேணாங்க. பின்னாடி ஒரு நாற்காலியைப் போட்டு, பகல் வெளிச்சத்துல அரைமணி நேரம் உட்காரணும். அவ்வளவுதான்."

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு டாக்டரம்மா முன்னால் போய் நின்றார், என்னையும் இழுத்துக்கொண்டு.

"நிழல்ல உட்காரலாமா டாக்டர்?"

"நல்ல அடர்த்தியான நிழல்னா, சாயங்காலம் நாலு மணிக்கு மேல, கொஞ்ச நேரம் உட்காரலாம். இலைக்கு நடுவுல வெயில் சொட்டுற நிழல் நிழலே இல்ல."

"எத்தனை சொட்டு வரைக்கும் பரவாயில்ல?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். "அஞ்சாறு," என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

அன்றிலிருந்து அவர் பையில் ஒரு முழு வெள்ளைத்தாள் ஏறியது. வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்த கையோடு, அந்த வீட்டில் மரம் இருந்தால் அதற்கடியில் தாளை விரித்துப் பிடிப்பார். தாளில் விழுகிற வெயில் பொட்டுகளை எண்ணுவார். இரண்டு தடவை எண்ணுவார். "மீட்டர் அந்தப் பக்கம் இருக்கு சார்" என்று வீட்டுக்காரர்கள் கை காட்டுவார்களாம். மரத்தின் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது, கதவு எண்தான். "நாற்பத்தொண்ணாம் நம்பர் மரம் முப்பத்தெட்டுப் பொட்டு" என்று வந்து சொல்வார். நான் இருட்டு அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. எதை எடுத்தாலும் ஒரு பயம். ஒரு மரம் வேரை விட்டுச் சுற்றுச்சுவரைப் பிளந்திருந்தது. ஒன்று காற்றில் முறிந்து கம்பியின் மேல் விழுந்து தெருவே இருண்டுபோனதை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். ஒன்றில் கம்பளிப்பூச்சி. மாமரம் என்றால் கல்லெறிய ஆள் வரும் என்றார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, வேம்பு வைக்கச் சொன்னார்.

"வேம்பு நிழல் சல்லடைக்கா. நாற்பத்திரண்டு."

"சரி, தூங்குமூஞ்சி வைடா. ஊரையே மூடும்."

"அது சாயங்காலம் ஆனா இலையை மூடிக்கும். நாம உட்காரப் போற நேரத்துல அது தூங்கப் போகும்."

"உனக்கு மரம் பார்க்கிறதுக்குள்ள இவளுக்கு ரெண்டாவது பொண்ணே பார்த்திருக்கலாம்டா," என்று தலையில் அடித்துக்கொண்டார் நாத்தனார். எனக்கு ரெண்டாவது பொண்ணு எதற்கு என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை. நிழல் மட்டும் போதாது, பூவும் வேண்டும் என்றேன். ஆயுசு முழுக்கப் பார்க்கப்போவது அந்த ஒரு மரம், அதில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது இருக்க வேண்டாமா?

கடைசியில் ஒரு ஜூன் மாதம், ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "டீச்சர், மூணு! பதினேழாம் நம்பர் மரம், மூணே மூணு பொட்டு!" பையிலிருந்து ஓர் இலையை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளங்கையைவிடப் பெரிய, தடித்த இலை. கூடவே ஒரு கொத்துப் பூ, கசங்கிய பட்டுத்துணி போல ஊதா நிறம். "பதினாலு வருஷமா அந்த வீட்டுக்குப் போறேன். எப்பப் பாரு குடை விரிச்ச மாதிரி நிக்குது. சுவர்ல ஒரு கீறல் இல்ல. எப்படி என் கண்ணுல படாமப் போச்சு?"

நர்சரிக்குக் கிளம்பினோம். நான் முழுக்கைச் சட்டையும் குடையுமாக, பச்சைவலைப் பந்தலுக்குள் நின்றேன். நர்சரிக்கார அம்மா குட்டையான, வெடுக்வெடுக்கென்று பேசுகிற பெண்பிள்ளை. இலையைப் பார்த்ததுமே, "பூமருது" என்றார். "அழகான மரம் சார். ஆனா வருஷத்துல ஒரு தடவை மொட்டையாகும், பார்த்துக்குங்க."

"இல்லம்மா. இது கொட்டாது."

"கொட்டும் சார்."

"பதினாலு வருஷம், வருஷத்துக்கு ஆறு தடவை. எண்பத்து நாலு தடவை அந்த மரத்தைப் பார்த்திருக்கேன். ஒரு தடவைகூட மொட்டையா பார்த்ததில்ல."

"இந்த மரத்தை வித்துத்தான் நான் சாப்பிடறேன்."

"ஒவ்வொரு மண்ணுக்கு ஒவ்வொரு மாதிரி இருக்கும்மா. நான் சும்மா சொல்லல, எண்ணிச் சொல்றேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார். எனக்கு அவர் சொல்வதுதான் சரியோ என்று ஒரு கணம் உறுத்தியது. ஆனால் இந்த மனிதர் ஜென்மத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைச் சந்தேகமில்லாமல் பேசுகிறார், அதைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். இடுப்பு உயரக் கன்று ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

எங்கே நடுவது என்பதற்கு ஒரு வாரம் ஆயிற்று. ஒரு மூங்கில் கழியை நட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு அதன் நிழல் விழுகிற இடத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். கழியை ஓரடி நகர்த்தினார், மறுபடி கோடு போட்டார். தொட்டியிலிருந்து பன்னிரண்டடி, கம்பியிலிருந்து பத்தடி, சமையலறைச் சுவரிலிருந்து பதினைந்தடி. நான் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு, "இடதுபக்கம், இடதுபக்கம்" என்று மைதானத்தில் கத்துகிற மாதிரி கத்தினேன். மண் முழுக்க வெள்ளைக் கோடாகிக் கபடி ஆட்டத்துக்குத் தயாரான மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் காத்திருப்பு. காலையில் இரண்டு வாளி, சாயங்காலம் இரண்டு வாளி. மண் காய அவர் விட்டதே இல்லை. காற்றடித்தால் வாசலில் போய் நிற்பார். இரண்டாம் வருஷம் பிப்ரவரியில் ஏழெட்டு இலை சிவந்து உதிர்ந்ததும் நோய் என்று முடிவு கட்டி இன்னும் இரண்டு வாளி கூட்டினார். மரம் பிழைத்துக்கொண்டது, வளர்ந்தது. அவ்வளவு தண்ணீர் குடித்த மரத்துக்கு இலையுதிர்க்க வேண்டும் என்கிற நினைப்பே வரவில்லை போலிருக்கிறது. இதை நாங்கள் அப்போது புரிந்துகொள்ளவில்லை.

ஆறு வருஷம். மருந்தாலும் திரைச்சீலையாலும் என் நோய் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிறுநீர்ப் பரிசோதனை, ஒவ்வொரு முறையும் முடிவு வருகிறவரை அவருக்குச் சோறு இறங்காது. ஆறாம் வருஷம் டிசம்பரில் ஒரு சாயங்காலம் அவர் மரத்தடியில் நாற்காலியைப் போட்டார். அதன்மேல் வெள்ளைத்தாளை விரித்தார். குனிந்து எண்ணினார். நிமிர்ந்து, வாய்விட்டு எண்ணினார்.

"நாலு. வா டீச்சர்."

சமையலறைப் படியிலிருந்து நாற்காலி வரைக்கும் குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் காலை வைத்தேன். பின்வீட்டுக் கொடியில் துணி ஆடிக்கொண்டிருந்தது, யாரோ சைக்கிளில் போனார்கள், அவ்வளவுதான். நான் விம்மி விம்மி அழுதேன். அவர் என்னைப் பார்க்காமல் மேலே அண்ணாந்து, எங்காவது கிளை விலகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் துணி துவைக்கிற இடத்துக் கால்வாய் இடுக்கில் ஒரு மெல்லிய வேர் தெரிந்தது. அவ்வளவுதான், அவர் முகம் மாறிவிட்டது. வேர் தொட்டிக்குப் போகும், தொட்டி உடையும், வீடு இறங்கும் என்று தரையில் படுத்துக்கொண்டே கணக்குப் போட்டார். மரத்துக்குத் தண்ணீரை அன்றோடு நிறுத்தினார்.

பிப்ரவரி மூன்றாம் வாரம் புது வகை மீட்டருக்குப் பயிற்சி என்று அவரை வேறு ஊருக்குப் பன்னிரண்டு நாள் அனுப்பினார்கள். போகவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான்தான் விரட்டினேன். வாசலில் நின்று மூன்று தடவை சொன்னார்: "நாலு மணிக்கு முதல்ல தாளை வச்சு எண்ணு. ரெண்டு தடவை. ஆறுக்கு மேல இருந்தா உட்காராதே. எண்ணிட்டு எனக்குப் போன் பண்ணு."

"பஸ் போயிடும். கிளம்புங்க."

முதல் நாள் நாலு. போனில் சொன்னேன். இரண்டாம் நாள் தாளை வைத்தபோது ஏழு இருந்தது. மரத்தை அண்ணாந்து பார்த்தேன். இலைகளெல்லாம் செம்பு நிறத்துக்கு மாறியிருந்தன. நான் பார்க்கும்போதே ஒன்று கழன்று என் தோளில் விழுந்தது. நாற்காலியைத் தண்டுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தேன்.

"எத்தனை?" என்றார் போனில்.

"நாலுதாங்க."

"ரெண்டு தடவை எண்ணினியா?"

"எண்ணினேன்."

அவரிடம் நான் அதுவரை சின்னச் சின்னப் பொய் நூறு சொல்லியிருப்பேன். மாத்திரை போட்டாச்சு, சாப்பிட்டாச்சு, வலி இல்லை. இது வேறு என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆறு வருஷம் காத்திருந்து இரண்டே மாதம் உட்கார்ந்தவளுக்கு அந்த நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போகக் கால் வரவில்லை. மூன்றாம் நாள் பதினொன்று. நாலாம் நாள் இருபத்தொன்பது. ஐந்தாம் நாள் முதல் நான் தாளை வைக்கவே இல்லை. துப்பட்டாவால் தலையையும் கையையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். தரையெல்லாம் சிவப்பு இலை. வெயில் கிளைகளுக்கு நடுவே நேராக மடியில் விழுந்தது. பழைய ஆட்கள் வீடு தேடி வந்தால் வருமே ஒரு சந்தோஷம், அது எனக்கு அப்போது இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

தினமும் அவர் கேட்டார். தினமும் "நாலு" என்றேன்.

பத்தாம் நாள் நாத்தனார் வந்தார். கதவைத் திறந்த என்னைப் பார்த்து, "என்னடி இது மூஞ்சி?" என்று கத்தினார். என் இரண்டு கன்னமும் எரிந்துகொண்டிருந்தன. காய்ச்சல், முட்டி மடங்கவில்லை, கணுக்காலில் வீக்கம். அன்று மத்தியானமே ஆஸ்பத்திரி.

அவர் பயிற்சிப் பையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். அழுக்குச் சட்டை, சவரம் செய்யாத முகம். டாக்டரம்மா கட்டிலருகே நின்று என் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வெயில்ல இருந்தீங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "இல்ல டாக்டர். நிழல்லதான். தினமும் எண்ணிட்டுத்தான் உட்கார்ந்தா. நாலுதான். நான் தினமும் போன்ல கேட்டேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

துணிமணி எடுத்துவர வீட்டுக்குப் போனவர் மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினார். சட்டை மேல் பொத்தானில் ஒரு சிவப்பு இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நம்ம மரம் மொட்டையா நிக்குது. என்னடா இதுன்னு பதினேழாம் நம்பர் வீட்டுக்குப் போனேன். அதுவும் மொட்டை. அந்த வீட்டம்மா கையில விளக்குமாறோட நிக்கிறாங்க. வருஷா வருஷம் இப்படித்தான் சார், பிப்ரவரி பாதியில கொட்ட ஆரம்பிச்சு மார்ச் கடைசியில துளிர்க்கும், கூட்டிக் கூட்டி என் இடுப்பு போச்சுன்னாங்க." விரல்களை நெரித்துக்கொண்டார். "அந்தத் தெருவுக்கு இரட்டைப்படை மாசத்துலதான் ரீடிங் டீச்சர். முதல் வாரம். பிப்ரவரி முதல் வாரம் போவேன், இலை இருக்கும். ஏப்ரல் முதல் வாரம் போவேன், புது இலை வந்திருக்கும். நடுவுல நான் போனதே இல்ல. அன்னைக்கு நான் சொன்ன எண்பத்து நாலு தடவை, எண்பத்து நாலும் தப்பான நாள்."

"விடுங்க..."

"நர்சரிக்காரம்மா சொன்னாங்க. நான் கேட்கல. நீ எண்ணினப்ப நாலு இருந்திருக்கு. அப்புறம் உட்கார்ந்திருக்கும்போதே மளமளன்னு கொட்டியிருக்கும் போல. உனக்கு எப்படித் தெரியும்? என் தப்பு. வெயிலைக் கொண்டுவந்து உன் தலையில போட்டவன் நான்."

அப்போது சொல்லியிருக்கலாம். மைதானத்தில் முந்நூறு பிள்ளைகளைக் கத்தி நிறுத்தியவளுக்கு ஒரு மனுஷனிடம் ஒரு வரி வரவில்லை. மூன்றாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்திருந்தது. கிட்னி கெட்டுவிடவில்லை, ஆனால் காவல்காரன் அங்கே போய்விட்டான். மாத்திரையைக் கூட்டினார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் என்ன ஆகும் என்பதை டாக்டரம்மா அவரைத் தனியே அழைத்துச் சொன்னார். அவர் என்னிடம் சொல்லவில்லை, முகத்திலேயே படித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மரம் வெட்ட ஆள் வரும் என்றார். கயிறும் ரம்பமும் அந்த ஆளே கொண்டு வருவாராம், தண்டை அடியோடு எடுத்துவிடலாமாம். சொல்லிவிட்டு என் மாத்திரைகளைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தார். ஒரு முறை எண்ணினார், வாய்விட்டு மறுபடி எண்ணினார். அதைப் பார்த்தபின் என்னால் அடக்க முடியவில்லை.

"நாலு இல்லங்க."

"என்ன?"

"நான் சொன்ன நாலு. பொய்."

மாத்திரைப் பட்டையைக் கீழே வைத்தார். மீட்டர் முன்னால் நிற்கிற மாதிரியே நின்றார். "முதல் நாள்?"

"நாலு. அது நிஜம்."

"ரெண்டாம் நாள்?"

"ஏழு."

"மூணாம் நாள்?"

"பதினொண்ணு. அப்புறம் இருபத்தொன்பது. அதுக்கப்புறம் எண்ணல. எல்லாம் கொட்டிடுச்சு. தெரிஞ்சேதான் உட்கார்ந்தேன்."

"ரெண்டு தடவை எண்ணினியான்னு கேட்டேன்."

"ஆமா."

"எண்ணினேன்னு சொன்னே."

"ஆமாங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. போனை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று மரம் வெட்டுகிறவரிடம் சொன்னார். பிறகு காஸ் அடுப்பைத் தாண்டி வாசலுக்குப் போனார். அடுப்பைப் பார்க்கவில்லை.

அன்றோடு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். மாத்திரை போட்டாயா என்று கேட்பதில்லை. கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போவார். வலிக்கிறதா, தூங்கினாயா, கதவைச் சாத்தினாயா, ஒன்றும் கிடையாது. தேவைக்குப் பேசுவார், பேசாமல் இல்லை. இருபத்தைந்து வருஷம் அந்தக் கேள்விகளைக் கிண்டலடித்தே காலம் தள்ளியவள் நான். 'உங்க அப்பா இன்னைக்கு என்கிட்ட முப்பத்தொரு கேள்வி கேட்டார்' என்று வெளியூரில் இருக்கும் எங்கள் மகளுக்குப் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது வீட்டில் கேள்வியே இல்லை. அவர் என் பதிலை நம்ப மாட்டார், அதனால்தான் கேட்கவில்லை என்று புரிய எனக்கு நாலு நாள் ஆயிற்று.

ஒரு சாயங்காலம் மகிழங்கன்று ஒன்றைக் கொண்டுவந்து மேற்குப் பக்கம் நட்டார். நர்சரிக்காரம்மாவிடம் போயிருக்கிறார், இந்தத் தடவை அந்த அம்மா சொன்னதைக் கேட்டிருக்கிறார். "இது கொட்டாது. மெதுவாத்தான் வளரும்," என்றார் மண்ணைப் பார்த்துக்கொண்டே. எத்தனை வருஷம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேர் வயதையும் கூட்டிப் பார்த்துக்கொண்டேன். பூமருதுக்கும் பழையபடி தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

மார்ச் கடைசியில் மொட்டைக் கிளைகளில் துளிர் தெரிந்தது. திரை இடுக்கு வழியாகத் தினமும் பார்த்தேன். ஏப்ரல் முதல் வாரம் இலைகள் விரிந்து, இன்னும் தடிக்காமல், இளசாக நின்றன. வியாழக்கிழமை நாலு மணிக்கு அவருடைய மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். முழுக்கைச் சட்டை, துப்பட்டா, பெரிய குடை. படியிறங்கி நாற்காலிமேல் தாளை விரித்து, நான் குடைக்குள்ளேயே நின்று குனிந்து எண்ணினேன். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுப் போன் செய்தேன். அவர் வேலை நேரத்தில் நான் கூப்பிடுவதே இல்லை.

"டீச்சர்!" என்றார். பயந்துவிட்டார், குரலிலேயே தெரிந்தது.

"ஒண்ணும் ஆகல. எண்ணினேன். இருபத்து மூணு இருக்கு. நான் உட்காரல, உள்ளதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் ஒரு கேட் கிறீச்சிட்டது. யாரோ ஒரு பெண், "ரீடிங் சார், மீட்டர் இந்தப் பக்கம்" என்று சொல்வது கேட்டது. இரட்டை மாதம், முதல் வாரம். எந்த வீட்டு வாசலில் நிற்கிறார் என்று கேட்க வேண்டியதில்லை.

போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"ரெண்டு தடவை எண்ணினியா?"

ஒரு மாதத்துக்கப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இல்லங்க. ஒரு தடவைதான்."

"மறுபடி எண்ணு. குடையை விடாதே. நான் லைன்லயே இருக்கேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி போனேன். இந்தத் தடவை விரலை வைத்து, அவருக்குக் கேட்கும்படி, வாய்விட்டு எண்ணினேன். தாளின் ஓரத்தில், நாற்காலிக் கையின் நிழலை ஒட்டி, சின்னதாக ஒன்று இருந்தது.

"இருபத்து நாலுங்க. ஒண்ணை விட்டுட்டேன்."

"சரி," என்றார். "உள்ள போ."

போனேன்.